சுமையும் வளைவும்

'கட்டுக்கோப்பு' என்ற சொல்லை நம் விமர்சனங்களில் எத்தனை முறை பயன்படுத்துகிறோம் என்று யாராவது எண்ணிப் பார்த்தால் ஆச்சரியப்படுவார்கள். ஒரு கவிதையில் கட்டுக்கோப்பு இருக்கிறது என்கிறோம். ஒரு நாவலில் இல்லை என்கிறோம். கட்டுவதும் கோப்பதும் கைத்தொழிலைச் சேர்ந்த வினைகள். ஆனால் அச்சொல்லை எழுதும்போது நம் மனத்தில் எந்தக் கட்டடம் நிற்கிறது, அதில் எதை எதோடு கட்டியிருக்கிறார்கள், எதில் எதைக் கோத்திருக்கிறார்கள் என்ற கேள்வி எழுவதில்லை. உருவகமாகத் தொடங்கிய சொல் தேய்ந்து தேய்ந்து இப்போது வெறும் முத்திரையாகி நம் கையில் இருக்கிறது. வங்கியில் குமாஸ்தாவாக இருப்பவன் என்ற முறையில் முத்திரை விழும் ஓசை எனக்குப் பரிச்சயமானது. எந்தக் காகிதத்தின் மீது விழுகிறோம் என்பது முத்திரைக்குத் தெரியாது.

ஆங்கில இலக்கியம் படித்தவர்களுக்கு இந்தச் சொல்லின் பின்னால் ஒரு படம் உண்டென்றால் அது கட்டடம்கூட அல்ல, கலயம். கிளீந்த் புரூக்ஸ் 1947-இல் வெளியிட்ட நூலின் தலைப்பே நன்கு வனைந்த கலயம் என்பதுதான். பி.ஏ. வகுப்பில் அந்த நூல் முழுதாக எங்களை வந்தடைந்ததில்லை. அதன் சாரம் குறிப்புகள் வழியாக வந்தது. கவிதை தன்னளவில் முழுமையானது, அதன் பகுதிகள் ஒன்றையொன்று சார்ந்து நிற்பவை, அதை வேறு வார்த்தைகளில் சொல்லிவிட முடியாது என்றெல்லாம். இவற்றை நான் மறுக்க வரவில்லை. அந்தப் பார்வை நமக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. கவிதையைப் பாராட்டுரையிலிருந்தும் பிரசங்கத்திலிருந்தும் பிரித்தெடுத்துக் கொடுத்தது. ஆனால் கலயத்துக்கு ஒரு குணம் உண்டு. சூளையிலிருந்து வெளிவந்த பிறகு, உடைவதைத் தவிர, அதற்கு எதுவும் நேர்வதில்லை. காலம் அதற்குள் நுழைய விரிசல் ஒன்றே வழி.

கலயத்தின் இடத்தில் ஒரு வீட்டை வைத்துப் பார்க்கலாம் என்று தோன்றுகிறது. அருவமான வீட்டை அல்ல. ஸ்தூலமான, பெயரும் முகவரியும் உள்ள ஒரு வீட்டை.

இங்கிலாந்தின் செஷையரில், காங்கிள்ட்டன் நகரிலிருந்து சில மைல் தொலைவில், லிட்டில் மோர்ட்டன் ஹால் என்ற மரச்சட்ட வீடு இருக்கிறது. சுற்றிலும் அகழி. அகழியைக் கடக்கும் சிறு பாலம் வாயில் கட்டடத்துக்குள் நுழைகிறது; அதைத் தாண்டினால் கூழாங்கல் பாவிய ஒரு குறுகலான முற்றம். முற்றத்தைச் சுற்றி ஒன்றோடொன்று ஒத்துப்போகாத பக்கங்கள். வீட்டின் மிகப் பழைய பகுதிகளை வில்லியம் மோர்ட்டன் என்ற நிலவுடைமையாளர் ஏறக்குறைய 1504-க்கும் 1508-க்கும் இடையில் கட்டுவித்தார். பிறகு அவருடைய வாரிசுகள் ஒவ்வொருவராகச் சேர்த்துக்கொண்டே போய், 1610 வாக்கில்தான் நிறுத்தினார்கள். ஒரு நூற்றாண்டு. முழு வீட்டையும் மனத்தில் வைத்திருந்த மனிதர் என்று எந்தக் கட்டத்திலும் ஒருவர் இல்லை. கட்டடக்கலையைப் பற்றி ஆங்கிலத்தில் வந்த முதல் நூலை ஜான் ஷூட் 1563-இல் வெளியிட்டார். வீட்டின் பெரும்பகுதி அதற்குள் எழுந்து நின்றுவிட்டது. கோட்பாடு வருவதற்குள் தச்சர்கள் வேலையை முடித்திருந்தார்கள்.

அவர்கள் வேலை செய்த முறையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். என் வாதம் அதில்தான் இருக்கிறது.

மரம் ஓக். அதைப் பச்சையாகவே இழைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் உலர்த்திய ஓக் இரும்பு மாதிரி, உளி ஏறாது. சட்டங்களை வீடு எழும்ப வேண்டிய இடத்தில் வைத்துச் செதுக்குவதில்லை. பட்டறை முற்றத்தில் தரையில் கிடத்தி, ஒரு முழுச் சுவருக்கான தூண்களையும் விட்டங்களையும் பொருத்திப் பார்ப்பார்கள். ஒரு மரத்தின் நுனியை நாக்காகச் செதுக்கி இன்னொன்றில் வெட்டிய துளைக்குள் செருகுவதுதான் மூட்டு. பொருந்தியது உறுதியானதும் ஒவ்வொரு மூட்டின் இருபுறமும் ஒரே எண்ணைக் கீறுவார்கள். ரோமானிய எண்கள், ஏனென்றால் உளிக்கு நேர்கோடுதான் சுலபம். நான்குக்கு நான்கு கோடுகள். ஐந்திலிருந்து ஒன்றைக் கழிக்கும் புத்திசாலித்தனமெல்லாம் கிடையாது. பிறகு எல்லாவற்றையும் கழற்றி, வண்டியில் ஏற்றி, உரிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்தி, எண்ணுக்கு எண் சேர்ப்பார்கள். மூட்டைப் பிணைப்பது மர ஆணி. நாக்கிலும் துளையிலும் ஆணிக்கான ஓட்டைகளை நேருக்கு நேர் இடாமல் வேண்டுமென்றே சற்று விலக்கி இடுவார்கள். ஆணி உள்ளே போகப் போக அந்த விலகலே மூட்டை இறுக்கி இழுக்கும்.

சட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடங்களில் வரிச்சு கட்டி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் பிசைந்து அப்பி, மேலே சுண்ணாம்பு பூசுவார்கள். இந்தச் சுவர் எதையும் தாங்குவதில்லை. காற்றையும் பார்வையையும் தடுப்பதோடு அதன் வேலை முடிந்தது. தாங்குவதெல்லாம் மரம். அந்த மரமோ கட்டி முடித்த பிறகுதான் உலரத் தொடங்குகிறது. பல ஆண்டுகள் உலர்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டு, மூட்டுகளைக் கவ்வுகிறது. அதாவது, தான் நிறுத்திய நிலையில் இந்த வீடு நிற்கப்போவதில்லை என்பது தச்சனுக்கு முதல் நாளே தெரியும். அசையப்போகிற ஒன்றை, அசைவதற்கு இடம் விட்டு, அவன் கட்டுகிறான். கட்டடம் முடிவது வேலை முடிந்த அன்று அல்ல.

இந்த வீட்டைப் பற்றி முதலில் படித்துத்தான் அறிந்தேன். பிறகு பார்க்கவும் வாய்த்தது. என் அக்கா ஸ்டோக்-ஆன்-ட்ரென்ட்டில் ஒரு மருத்துவமனையில் நர்ஸாக இருக்கிறாள். சேர்த்துவைத்த லீவில் அவளிடம் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் அழைத்துப் போனாள். சாலையிலிருந்து தெரியும் முதல் காட்சியே ஒரு சங்கடத்தைத் தருகிறது. மேல்தளம் கீழ்த்தளத்தைவிட வெளியே நீட்டிக்கொண்டு, அதற்கு மேல் இன்னொன்று அதையும்விட நீட்டிக்கொண்டு, உச்சியில் நீளநெடுகக் கண்ணாடி ஜன்னல்கள், அதற்கும் மேல் கனத்த கற்பலகைக் கூரை. ஒரு கோடுகூட நேராக இல்லை. சரியப்போகிற ஒன்றை யாரோ நிறுத்தச் சொல்லி, அது அப்படியே நின்றுவிட்ட மாதிரி.

உச்சியில் உள்ளதைத்தான் நீள்கூடம் என்கிறார்கள். 68 அடி நீளம். மழைக்கால நாட்களில் வீட்டுக்குள்ளேயே உலாவுவதற்கும் விளையாடுவதற்குமான இடம். சுவர்ப்பலகைகளுக்குப் பின்னால் பழைய டென்னிஸ் பந்துகள் அகப்பட்டிருக்கின்றன. வாயில் கட்டடம் உள்ள தெற்குப் பக்கத்தை 1560-களின் தொடக்கத்தில் கட்டியபோது இந்தக் கூடம் முதலில் யோசனையில் இல்லை, பிற்பாடு தோன்றிச் சேர்க்கப்பட்டது என்று கருதுகிறார்கள். பிற்பாடு தோன்றியதன் விலையைக் கீழே உள்ள சட்டங்கள் செலுத்தியிருக்கின்றன. கற்பலகைக் கூரையின் பாரம் இறங்கி இறங்கி, அடியிலுள்ள தளங்கள் வளைந்துவிட்டன. கூரைச் சட்டங்கள் பாரத்தில் பிளந்து விரிந்துவிடாதபடி குறுக்கு விட்டங்களை அநேகமாகப் பதினேழாம் நூற்றாண்டில் சேர்த்திருக்கிறார்கள். கூடத்தில் நடக்கும்போது கால்கள் தாமாகவே ஒரு பக்கம் போகின்றன. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"தரை அலை மாதிரி போகுதுடா" என்றாள்.

நானூற்றைம்பது வருஷம் இப்படியே இருக்கிறது என்று சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தாள்.

"எங்க வார்டுல முதுகு வளைஞ்ச பாட்டிங்க வருவாங்க. புதுசா வர டாக்டருக்கு நிமித்திடணும்னு கை துறுதுறுங்கும். அந்த வளைவுலதான் அவங்க நடமாடிக்கிட்டிருக்காங்க. நிமித்தினா படுத்துடுவாங்க."

இலக்கியத்தில் அவளுக்கு ஈடுபாடு கிடையாது. நான் எழுதுகிற எதையும் அவள் படித்ததில்லை. ஆனால் ஊர் திரும்பிய பிறகு இந்த வாக்கியம் என்னை விடவில்லை. அதற்குக் காரணம் ஒரு நண்பர்.

நண்பரின் பெயர் வேண்டாம். இந்தப் பத்திரிகையைப் படிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அவரைத் தெரியும். பதினோரு ஆண்டுகளாகக் கவிதை எழுதுகிறார். அச்சில் வந்தவை மூன்று. மற்றவையெல்லாம் ஒரு நீள நோட்டில் இருக்கின்றன, பெரும்பாலும் குறுக்குக்கோடு போடப்பட்டு. அவருடைய அளவுகோல் கறாரானது: கவிதையிலிருந்து ஒரு சொல்லை எடுத்தால் கவிதை முழுவதும் இடிந்து விழ வேண்டும். விழவில்லையென்றால் அந்தச் சொல் அங்கே இருந்திருக்கக்கூடாது. அப்படி ஒரு சொல் அகப்பட்டுவிட்டால் எடுப்பார். எடுத்த பிறகும் கவிதை நின்றால், இது கட்டுக்கோப்பானதல்ல என்று முழுக் கவிதையையும் அடித்துவிடுவார். சென்ற ஆண்டு அந்த நோட்டை என் மேஜைமேல் வைத்து, "இனி எழுதறதா இல்லை. நீங்க வச்சுக்குங்க, இல்லாட்டா பழைய பேப்பரோட போட்டுடுங்க" என்றார். வருத்தம் தெரியாத குரலில் சொன்னார். ஒரு கணக்கை முடித்துக்கொள்கிறவர் பாஸ்புக்கை நீட்டுவது போல.

அவருடைய அளவுகோலை நான் எடுத்துக்கொண்ட வீட்டுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கிறேன். முற்றத்தில் நின்று பார்த்தால் சுவரெல்லாம் மரத்தாலான கோலம்: சாய்கோடுகளை அடுக்கிய வரிசைகள், நாலிதழ்ப் பூக்கள், வளைந்த துண்டுகள். சாய்வாக வரும் சட்டங்களில் சில உண்மையிலேயே சுவரை முறுக்கிக்கொள்ளாமல் பிடித்துவைப்பவை. மற்றவை, குறிப்பாக அந்தப் பூக்கள், எதையும் தாங்கவில்லை. எவ்வளவு மரத்தை என்னால் இழைக்க முடியும் பார் என்று பக்கத்து நிலக்காரனுக்குச் சொல்வதுதான் அவற்றின் வேலை. அத்தனையையும் பெயர்த்தெடுத்தாலும் வீடு நிற்கும். நண்பரின் தர்க்கப்படி இவை மிகை.

சரி, தாங்குகிற சட்டங்களையே எடுத்துக்கொள்வோம். அவற்றில் ஓர் ஆணியைப் பிடுங்கினால் வீடு விழுமா? விழாது. ஒரு சட்டமே உளுத்துப்போனால்? அப்போதும் உடனே விழாது. அதன்மேல் இருந்த பாரம் பக்கத்துச் சட்டங்களுக்கு வழி தேடிக்கொண்டு போகும். அவை கொஞ்சம் வளையும். எல்லாமாகச் சேர்ந்து ஒரு புதிய நிலையில் அமரும். சட்டக்கட்டடத்தின் பலம் இதில்தான் இருக்கிறது. பாரம் போவதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட வழிகள் இருப்பதால், ஒன்று அடைபடும்போது மற்றது திறக்கிறது. ஒரு துண்டை எடுத்தால் மொத்தமும் சரியும் கட்டடத்துக்கு எந்தத் தச்சனும் கச்சிதம் என்று பெயர் சூட்டமாட்டான். அபாயம் என்பான், அதற்குள் படுத்துத் தூங்கமாட்டான்.

நம்முடைய 'கட்டுக்கோப்பு' என்ற லட்சியம், அதன் சொந்த உருவகத்தின்படியே பார்த்தால், மோசமாகக் கட்டப்பட்ட வீட்டின் லட்சணம். இதைத்தான் சொல்ல வந்தேன். நல்ல கவிதையில் ஒரு சொல் போனால் மற்ற சொற்கள் அதன் பாரத்தை ஏற்கின்றன. நாம் மனப்பாடமாகச் சொல்லும் பழைய பாடல்களில் எத்தனையில் பாடபேதம் இருக்கிறது. ஒரு சீர் மாறியும் பாடல் நிற்கிறது. ஒரு வரியை மறந்துவிட்டு மற்றதைச் சொல்கிறவன் கையிலும் அது உயிரோடு இருக்கிறது. இதைக் குறையென்று கொண்டால் குறையற்றதாக எதுவும் மிஞ்சாது. நண்பருக்கு மிஞ்சவில்லை.

உடனே எழக்கூடிய ஆட்சேபம் எனக்குத் தெரியும்: இது தளர்ச்சிக்கு வக்காலத்து, இனி எதை வேண்டுமானாலும் எழுதிக் கவிதை என்று நீட்டலாம். அப்படியல்ல. தாங்குவதும் தாங்குவதாகப் பாவனை செய்வதும் வேறுவேறு. ரஸ்கின் 1849-இல் கட்டடக்கலையின் ஏழு விளக்குகளைப் பற்றி எழுதியபோது, உண்மையில் பாரத்தைத் தாங்குவது ஒன்றாக இருக்க, வேறொன்று தாங்குவதாகக் காட்டுவதை ஏமாற்று என்றார். அந்த ஏமாற்று பிறகு இங்கிலாந்தில் ஒரு தொழிலாகவே ஆனது. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் புறநகர்களில் எழுந்த ஆயிரக்கணக்கான செங்கல் வீடுகளில், முகப்பில் மட்டும் கறுப்புப் பலகைகளைப் பதித்து டியூடர் வீடாக்கினார்கள். ஆஸ்பர்ட் லங்காஸ்டர் 1938-இல் அந்தப் பாணிக்கு ஸ்டாக்புரோக்கர் டியூடர் என்று பெயர் வைத்தார். அந்தப் பலகை நேராக இருக்கும், வளையவே வளையாது. அதன்மேல் பாரம் எதுவும் இல்லை. நம் கவிதைகள் பலவற்றின் கச்சிதம் இந்த வகையைச் சேர்ந்தது. வளைவைக் கண்டால் அங்கே சுமை இருக்கிறது என்றாவது நம்பலாம். துளிக்கூட வளையாத ஒன்றைப் பார்த்தால் அது எதையாவது தாங்குகிறதா என்று தட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

தச்சர்களைப் பற்றி ஒன்று. முற்றத்தை நோக்கிய இரண்டு பெரிய பிதுக்க ஜன்னல்கள் 1559-இல் வைக்கப்பட்டவை. மேலே அவற்றின் கூரைகள் ஒன்றையொன்று இடிக்கும் அளவுக்கு நெருக்கம். அவற்றில் ஒரு வாசகம் செதுக்கப்பட்டிருக்கிறது. கடவுளைச் சொல்லித் தொடங்கி, இந்த ஜன்னல்களை வில்லியம் மோர்ட்டன் இந்த ஆண்டில் செய்தார் என்கிறது. அடுத்து, தச்சனாகிய ரிச்சர்ட் டேல் கடவுள் அருளால் இந்த ஜன்னல்களைச் செய்தான் என்கிறது. பணம் கொடுத்தவருக்கும் உளி பிடித்தவனுக்கும் ஒரே வினைச்சொல். எழுத்துக்கூட்டல் இன்றைய கண்ணுக்குத் தாறுமாறானது. தச்சன் என்ற சொல்லே கோணலாக விழுந்திருக்கிறது. அதை யாரும் அடித்துத் திருத்தவில்லை. அக்காலத்தில் அந்த வட்டாரத்தில் வேலை செய்த எத்தனையோ தச்சர்களின் பெயர் நமக்குத் தெரியாது. டேலின் பெயர் தெரிவதற்குக் காரணம், எழுத்துத் திருந்தும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதுதான்.

வங்கி ஊழியன் என்ற வகையில் இந்த வீட்டில் எனக்கு வேறொரு சுவாரசியமும் உண்டு. 1643-இல், உள்நாட்டுப் போரின்போது, மோர்ட்டன்கள் மன்னர் பக்கம் நின்றதால் பாராளுமன்றத் தரப்பு வீட்டைக் கைப்பற்றித் தன் சிப்பாய்களைத் தங்கவைத்தது. வீடு பிறகு குடும்பத்துக்குத் திரும்பக் கிடைத்தது. கூடவே பெரும் கடனும். அந்தக் கடனிலிருந்து அவர்கள் நிமிரவேயில்லை. நிலங்கள் கைமாறின. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் வெளியேறி, வீடு குத்தகை விவசாயிகள் கைக்குப் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெரும்பகுதி ஆளில்லாமல் கிடந்தது. பிரார்த்தனைக்கூடத்தில் நிலக்கரி கொட்டி வைத்திருந்தார்கள். இதே காலத்தில் கையில் பணம் இருந்த மற்றக் குடும்பங்கள் என்ன செய்தன என்று பார்த்தால் விஷயம் விளங்கும். பழைய மரவீட்டை இடித்தார்கள், அல்லது செங்கல்லாலும் கல்லாலும் சமச்சீரான புது முகப்பைப் போர்த்தினார்கள். மோர்ட்டன்களுக்கு இடிக்கவும் வசதியில்லை, போர்த்தவும் வசதியில்லை. வீடு நமக்குக் கிடைத்தது கடனால். இதிலிருந்து வறுமை கலையைக் காக்கும் என்று நீதி எடுக்க வேண்டாம். வறுமை உளுக்கவைத்ததும் அதிகம். ஒன்று மட்டும் சொல்லலாம். திருத்தி அமைப்பதற்கு வேண்டிய சக்தி உள்ளவன் கையில் இந்த வீடு அகப்பட்டிருந்தால் இன்று இருக்காது. என் நண்பரிடம் அந்தச் சக்தி அளவுக்கு மீறி இருக்கிறது.

நீள்கூடத்தின் இரு முனைகளிலும், கூரைக்கடியில், சுதையில் இரண்டு பெண்ணுருவங்கள். ஒன்று அதிர்ஷ்டம், அதன் சக்கரத்தை ஆள்வது அறியாமை. மற்றது விதி, அதன் கோளத்தை ஆள்வது அறிவு. ராபர்ட் ரெக்கார்ட் 1556-இல் வெளியிட்ட வானியல் நூலிலிருந்து இவற்றை எடுத்திருக்கிறார்கள். சமக் குறியைக் கணிதத்துக்குக் கொடுத்தவர் இந்த ரெக்கார்ட்தான், 1557-இல். அடுத்த ஆண்டே, ஒரு பிரபு தொடுத்த வழக்கில் விதித்த தொகையைக் கட்ட முடியாமல் சிறையில் இறந்தார். இடப்பக்கமும் வலப்பக்கமும் சமம் என்று எழுதக் கற்றுத்தந்தவரின் சொந்தக் கணக்கு சமமாகவில்லை. அவருடைய இரண்டு உருவங்களும், அறிவும் அறியாமையும், வளைந்த தரையின் இரு கோடிகளிலிருந்து ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. நடுவில் நடக்கிறவன் எதன் பக்கமும் நேராக நடக்க முடியாது.

இந்த வீட்டின் படங்களில் நம்மை முதலில் பிடிப்பது கறுப்பு வெள்ளை. பழைய இங்கிலாந்து என்றதும் மனத்தில் வரும் நிறங்கள். ஆனால் டியூடர் காலத்து ஓக் பொதுவாகக் கறுப்பு அல்ல. பூச்சில்லாமல் விட்டால் வெயிலும் மழையும் பட்டு வெள்ளிச் சாம்பல் நிறமாகும். தார் பூசிக் கறுப்பாக்கியது பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ரசனை. பழமையை அது அசலில் இருந்ததைவிடப் பழமையாகக் காட்ட விரும்பிய ரசனை. நாம் மரபு என்று கையெடுத்துக் கும்பிடுகிறவற்றில் எவ்வளவு பிற்காலத் தார் என்பது தனிக் கட்டுரைக்கான விஷயம், இப்போது வேண்டாம்.

அந்த ரசனைக்கு எதிராகத்தான் வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கினார். பழைய கட்டடத்தை அதன் 'அசல்' நிலைக்கு மீட்கிறேன் என்று கிளம்புகிறவன் தன் கற்பனையில் உள்ள ஒன்றை உண்டாக்கி, எதிரில் உள்ளதை அழிக்கிறான் என்பது அவர் கட்சி. அன்றாடம் பார்த்துக்கொள், ஒழுகினால் அடை, சாய்ந்தால் முட்டுக் கொடு. முட்டு முட்டாகவே தெரியட்டும். விமர்சகனுக்கு இதைவிட நல்ல விதிமுறையை நான் எங்கும் பார்க்கவில்லை.

ஏனென்றால் வளைவதாலேயே வீடு தானாக நின்றுவிடவில்லை. அப்படிச் சொன்னால் அது வெறும் நெகிழ்ச்சி. 1892-இல் இந்த வீடு எலிசபெத் மோர்ட்டன் என்ற கன்னியாஸ்திரீக்கு வந்தது. பிரார்த்தனைக்கூடத்தை அவர் சீர்செய்தார். நீள்கூடம் அசையாமலிருக்க எஃகுக் கம்பிகளைச் செருகியதும் அவர் காலத்தில்தான் இருக்கலாம் என்கிறார்கள். ஒருபோதும் விற்கக்கூடாது என்ற நிபந்தனையோடு உறவினரான ஒரு பிஷப்புக்கு அவர் எழுதிவைத்தார்; பிஷப் 1938-இல் நேஷனல் டிரஸ்ட்டிடம் ஒப்படைத்தார். 1990-களின் தொடக்கத்தில் மரச்சட்டம் விரிவாகப் பழுதுபார்க்கப்பட்டது. இத்தனை கைகள் பட்டும் நீள்கூடத்தின் தரையை யாரும் சமன் செய்துவிடவில்லை. வளைவை வளைவாகவே வைத்து, மேற்கொண்டு போகாமல் பிடித்தார்கள். எஃகுக் கம்பி மரத்தோடு போட்டி போடவில்லை. மரம் கடைசியாக வந்து சேர்ந்த இடத்தை ஒப்புக்கொண்டு, அந்த இடத்திலிருந்து தாங்குகிறது. என் அக்கா வார்டில் செய்வதும் இதுதான் என்று நினைக்கிறேன். நம்மில் எத்தனை பேர் ஒரு கவிதைக்கு இதைச் செய்திருக்கிறோம்? எங்கே வளைந்திருக்கிறது, எந்தச் சுமையால் வளைந்தது என்று கேட்டிருக்கிறோமா? நேராக இல்லை என்று எழுதி முத்திரை குத்திவிட்டு அடுத்த காகிதத்தை எடுக்கிறோம்.

நண்பரின் நோட்டைப் பழைய பேப்பரோடு போடவில்லை. குறுக்குக்கோடுகளுக்கு அடியில் எல்லாமே படிக்க முடிகிறது. அவர் மெல்லிய பேனாவில்தான் அடித்திருக்கிறார். ரேஷன் கடை வரிசையில் தன் இடத்துக்கு அடையாளமாகப் பையை வைத்துவிட்டுப் போன தாயைப் பற்றி ஒரு கவிதை இருக்கிறது. ஐந்தாவது வரியில் ஒரு சொல் அதிகம். அதை அவர் கண்டுபிடித்திருக்கிறார், அடித்திருக்கிறார், கவிதை விழவில்லை, அதனால் முழுவதையும் அடித்திருக்கிறார். அந்தச் சொல்லைத் திரும்ப வைத்துப் படித்துப் பார்த்தேன். கவிதை அந்த இடத்தில் கொஞ்சம் தாழ்கிறது. தாழ்வதற்குக் காரணம் அதற்கு மேலே உள்ள பாரம். தாய் திரும்பி வந்தாளா என்பதைக் கவிதை சொல்லவில்லை. அந்த ஒரு சொல் மட்டும் சொல்ல முயல்கிறது.

இதுபோல ஏழு கவிதைகளைத் தனியே பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். அடுத்த இதழில் போட ஆசிரியருக்குச் சம்மதம். நண்பர் இந்தப் பத்திரிகையை இன்னும் வாங்குகிறார் என்பதால் அவர் கண்ணில் படட்டும் என்று இங்கேயே கேட்கிறேன்: போடட்டுமா? பதில் வராவிட்டால் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள மாட்டேன். மறுபடியும் கேட்பேன்.